பட்டம் பெற்ற நாட்டிலேயே வேலை: அறுபது ஆண்டு வாதம்

பால் கூட்டுறவு இயக்கத்தை வளர்த்த வர்கீஸ் குரியன் 1949 மே மாதம் குஜராத்தின் ஆனந்த் ஊரில் வந்து இறங்கியது விருப்பத்தால் அல்ல. சென்னை லயோலாவிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் படித்தவர், அரசின் உதவித்தொகையில் அமெரிக்கா போய் மிச்சிகனில் முதுநிலைப் பட்டம் வாங்கியிருந்தார். அதற்காக அரசுக்கு எழுதிக்கொடுத்திருந்த ஒப்பந்தம்தான் அவரை அந்தச் சிற்றூரில் கொண்டுவந்து நிறுத்தியது. கும்பகோணத்தில் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் 1952இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். விஸ்கான்சினில் ஆய்வு செய்தபோது அங்கேயே கிடைத்த ஆசிரியப் பணியை ஏற்காமல் 1954இல் தானாகவே திரும்பினார். இருவருக்கும் முன்னவரான வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1933இல் கேம்பிரிட்ஜில் முனைவராகி, 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதன்பின் அவர் வாழ்க்கை முழுவதும் அங்கேயே கழிந்தது. 1983இல் நோபல் பரிசும் வந்தது.

கட்டுப்பட்டு வந்தவர் ஒருவர், விரும்பி வந்தவர் ஒருவர், வராமலே இருந்தவர் ஒருவர். மூவருமே பெரும்பணி செய்தவர்கள் என்பதால், இதில் யார் செய்தது சரி என்று கேட்பதால் பயனில்லை. மேற்படிப்பு முடித்தவர் அந்த நாட்டிலேயே வேலை பார்ப்பதால் யாருக்கு இழப்பு, யாருக்கு லாபம், அதைத் தடுக்கும் உரிமை யாருக்கு என்று கேட்டால்தான் ஆராய ஏதாவது கிடைக்கும். அறுபது ஆண்டுகளாகப் பொருளியலாளர்களும் அரசுகளும் இதற்குப் பதில் சொல்லிவருகிறார்கள். அந்தப் பதில்களில் பெரும்பாலானவை உதவித்தொகை பெற்றோ, அரசுச் செலவில் படித்தோ வெளியே போன ஒரு சிறு கூட்டத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அவர்களில் 97,556 பேர் படிப்பை முடித்து, ஓ.பி.டி. எனப்படும் செய்முறைப் பயிற்சி அனுமதியில் வேலை பார்த்தவர்கள். இந்தக் கூட்டத்துக்குப் பழைய பதில்கள் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இங்கே ஆராயப்படுவது.

இழப்பு என்ற வாதம்

'பிரெயின் டிரெயின்' என்ற சொல் ஏழை நாடுகளைப் பற்றிப் பிறந்ததல்ல. பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருப்பது குறித்து லண்டன் ராயல் சொசைட்டி 1963இல் அறிக்கை வெளியிட்டபோதுதான் அது பத்திரிகைகளில் பரவியது. தமிழில் மூளை வெளியேற்றம் என்று எழுதினோம். இந்தியா அதற்கு முன்பே விழித்துக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் படித்துத் திரும்புவோருக்கு நிலையான வேலை கிடைக்கும்வரை இடம் தருவதற்காக 1958இல் 'விஞ்ஞானிகள் தொகுப்பு' என்ற ஏற்பாடு தொடங்கப்பட்டது.

இதில் கவலைப்பட ஒன்றுமில்லை என்று 1966இலேயே வாதிட்டவர்கள் பொருளியலாளர்களான ஹெர்பர்ட் குரூபல், ஆந்தனி ஸ்காட் இருவரும். போகிறவர் கூடுதலாகச் சம்பாதிக்கிறார், அவருடைய கண்டுபிடிப்பு உலகத்துக்கே பயன்படுகிறது, ஊரில் இருப்பவர் வருமானம் அதனால் பெரிதாகக் குறைவதில்லை என்பது அவர்கள் கணக்கு. ஜகதீஷ் பகவதி இதை ஏற்கவில்லை. படிக்கவைத்த செலவு பொதுப்பணம், பலன் வேறு நாட்டுக்கு என்றார் அவர். கொய்ச்சி ஹமாடாவுடன் 1974இல் எழுதிய கட்டுரை இன்னொரு சேதத்தையும் காட்டியது: வெளிநாட்டுச் சம்பளம் உள்நாட்டுப் படித்தவர்களின் எதிர்பார்ப்பை ஏற்றிவிடுகிறது, அதனால் வேலையின்மையும் கூடுகிறது. வெளியேறியவர் வருமானத்தில் சிறு பங்கை வரியாகப் பிடித்து வளரும் நாடுகளுக்கு அளிக்கலாம் என்ற 'பகவதி வரி' யோசனையும் அந்தப் பத்தாண்டில் பிறந்ததே. அரைநூற்றாண்டு கடந்தும் அந்த வரி எங்கும் வசூலாகவில்லை. வேறு நாட்டின் எல்லைக்குள் சம்பாதிப்பவரிடம், அந்த நாட்டின் ஒத்துழைப்பின்றி வரி வாங்குவது எளிதல்ல. அப்படி ஒத்துழைக்க எந்த நாடும் முன்வரவுமில்லை.

இழப்பை எண்ணில் சொல்லும் முயற்சிகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. 1970களின் நடுவில் மும்பை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர்களில் ஏறத்தாழ 31 சதவீதம் பேர் வெளிநாட்டில் குடியேறியதாக எஸ்.பி. சுகாத்மேவின் ஆய்வு கணக்கிட்டது. பின்னாளில் பிருத்விராஜ் சௌத்ரி, இனா காங்குலி, பாட்ரிக் கோலே ஆகியோர் 2010 ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் முதல் ஆயிரம் இடம் பெற்றவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் 36 சதவீதம் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள்; முதல் பத்துப் பேரில் ஒன்பது பேர். மேலே போகப்போக இழப்பு கூடுகிறது என்பதை இது தெளிவாகவே காட்டுகிறது.

ஆனால் இந்த எண்கள் ஐ.ஐ.டி.யைப் பற்றியவை. கோயம்புத்தூரிலோ விருதுநகரிலோ ஒரு தனியார் கல்லூரியில் கட்டணம் கட்டிப் படித்து, ஜி.ஆர்.இ. எழுதி, வங்கிக் கடனில் டெக்சாஸ் போகிறவர் அரசிடம் எவ்வளவு வாங்கினார்? பள்ளிக்கல்வியைச் சேர்த்தால்கூட அது ஐ.ஐ.டி. மாணவருக்கு ஆன செலவோடு ஒப்பிட முடியாதது. பொதுப்பணம் என்ற வாதம் வலுவானதுதான். அது யாருக்குப் பொருந்துமோ அவர்கள் இன்று சிறுபான்மையினர்.

வரி இழப்பு என்ற கணக்கு அப்படி எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. மிஹிர் தேசாய், தேவேஷ் கபூர் உள்ளிட்டோர் செய்த ஆய்வின்படி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இருந்த இந்தியர்கள் இந்திய மக்கள்தொகையில் 0.1 சதவீதம், அவர்கள் வருமானமோ இந்தியத் தேசிய வருமானத்தில் 10 சதவீதத்துக்குச் சமம். அதனால் இந்தியக் கருவூலத்துக்கு ஏற்பட்ட நிகர இழப்பு தேசிய வருமானத்தில் அரை சதவீதத்தை ஒட்டி இருக்கலாம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். அனுப்பும் பணம் அதை ஈடுகட்டாதா? ஓரளவு ஈடுகட்டும். ரிசர்வ் வங்கியின் ஆய்வில் 2023-24இல் இந்தியாவுக்கு வந்த பணத்தில் 27.7 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்தது. வளைகுடா நாடுகள் எதுவும் தனியாக அந்த அளவை எட்டவில்லை. எனினும் அந்தப் பணம் வீடுகளுக்கு வருகிறது, கருவூலத்துக்கு அல்ல. அதில் ஒரு பங்கு, படிக்கப் போனபோது இங்கே வாங்கிய கடனின் தவணை என்பதையும் மறக்கக் கூடாது.

போக வழி இருந்தால் படிப்போர் பெருகுவர்

1990களின் பிற்பகுதியில் வாதம் தலைகீழானது. ஆண்ட்ரூ மவுண்ட்ஃபோர்ட், ஓடெட் ஸ்டார்க் முதலியோர் முன்வைத்த கருத்து இது: வெளிநாட்டு வேலை கிடைக்கலாம் என்ற நம்பிக்கையே பலரைப் படிக்கத் தூண்டும்; படித்த எல்லோருக்கும் போக முடியாது; ஆகவே ஊரில் தங்கும் படித்தவர் எண்ணிக்கை கூடலாம்.

காகிதத்தில் நன்றாயிருந்த இந்தக் கருத்துக்கு ஃபிஜி ஒரு சோதனைக்களம் ஆனது. ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்த இந்தியர்கள் அங்கே ஏராளம். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகவும் ஆட்கள் ஏற்றப்பட்டதால் தமிழ் வேர் கொண்டவர்களும் உண்டு. 1987 இராணுவப் புரட்சிகளுக்குப் பிறகு இவர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகத் தொடங்கினார்கள். அந்த நாடுகள் படித்தவருக்குக் கதவு திறந்ததால், போக நினைத்தவர்கள் படித்தார்கள். போனவர்களைக் கழித்த பிறகும் ஃபிஜியில் உயர்கல்வி பெற்றோர் தொகை கூடியிருந்ததாக சதீஷ் சந்த், மைக்கேல் கிளெமென்ஸ் ஆய்வு சொல்கிறது.

இந்தியாவுக்கு இதையே காட்டுகிறது கௌரவ் கன்னா, நிக்கொலாஸ் மொராலஸ் ஆய்வு. அமெரிக்காவில் வேலை பார்க்க அனுமதிக்கும் எச்-1பி விசா மீதான ஆசை இந்திய இளைஞரைக் கணினிப் படிப்புக்குத் திருப்பியது. விசா கிடைக்காதவர்களும் காலம் முடிந்து திரும்பியவர்களும் சேர்ந்து இங்கே மென்பொருள் தொழிலை வளர்த்தார்கள் என்கிறது அது. 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு இடம் கொடுத்த தமிழ்நாட்டின் அனுபவம் இதனோடு ஒத்துப்போகிறது. அந்தக் கல்லூரிகள் பெருகியதற்கு அமெரிக்கா ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பழைய மகாபலிபுரம் சாலையில் எழுந்த கட்டடங்களுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்வது அதைவிடக் கடினம்.

இந்த வாதத்தின் குறை, அது எல்லா நாட்டுக்கும் பொருந்தாதது. பெரிய நாடுகள் சிறிது லாபமடைகின்றன, படித்தவரில் பெரும்பங்கை இழக்கும் சிறிய நாடுகள் நொடிந்துபோகின்றன என்று மிஷல் பேன், ஃபிரெடெரிக் டோக்கியர், ஹில்லெல் ராப்போபோர்ட் மூவரின் ஆய்வுகளே காட்டுகின்றன. எதைப் படிக்கிறார்கள் என்ற கேள்வியும் மிச்சமிருக்கிறது. ஒரு தலைமுறையே விசா கிடைக்கும் துறையை நோக்கி ஓடினால், மண்ணியலுக்கும் மீன்வளத்துக்கும் ஆள் எங்கிருந்து வரும்? இந்த ஆய்வுகள் அதை அதிகம் தொடவில்லை.

திரும்பி வந்தவர்கள்

மூன்றாவது பதில் தைவானிலிருந்து வந்தது. அன்னாலீ சாக்ஸெனியன் 2006இல் வெளியிட்ட 'தி நியூ ஆர்கோநாட்ஸ்' நூலில் இதை வெளியேற்றம் என்று பார்க்காமல் சுழற்சி என்று பார்த்தார். போனவர்கள் பணமும் பழக்கமும் தொழில்நுட்பமும் கொண்டு திரும்புகிறார்கள், அல்லது இரு கரைக்கும் போய்வருகிறார்கள் என்றார். தைவான் 1980இல் சின்ச்சூவில் அறிவியல் பூங்கா அமைத்தது. 1985இல் மோரிஸ் சாங் அங்கே வந்தார், 1987இல் டி.எஸ்.எம்.சி. என்ற சில்லு தயாரிப்பு நிறுவனம் பிறந்தது. தென்கொரியா இன்னும் முன்பே, 1966இல், கே.ஐ.எஸ்.டி. என்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி, வெளிநாட்டில் இருந்த கொரிய விஞ்ஞானிகளை அதற்காகவே தேடி அழைத்தது.

இந்தக் கதைகளைச் சொல்பவர்கள் ஒரு நுட்பத்தை விட்டுவிடுகிறார்கள். மோரிஸ் சாங் தைவானில் பிறந்தவர் அல்லர். சீனப் பெருநிலத்தின் நிங்போவில் பிறந்து, அமெரிக்காவில் படித்து, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் கால்நூற்றாண்டு உழைத்தவர். ஊர்ப்பாசம் அவரை இழுத்தது என்று சொல்ல முடியாது. செய்வதற்கு ஒரு பெரிய வேலை இருந்தது, வந்தார். கொரியாவிலும் ஆய்வுக்கூடம் முதலில், அழைப்பு பிறகு. வேண்டுகோளை மட்டும் நம்பிய நாடுகளில் இப்படி நடந்ததற்குச் சான்று அரிது.

இந்தியாவிலும் முன்மாதிரிகள் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யிலும் பிரின்ஸ்டனிலும் படித்த ஸ்ரீதர் வேம்பு தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையில் குடியேறி, அங்கிருந்து மென்பொருள் எழுதவைக்கிறார். இதை நம்பிக்கைக்குரிய செய்தியாகக் கொள்ளலாமே தவிர, சட்டமாகக் கொள்ள முடியாது. அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற இந்தியர்களில் ஐந்தாண்டு கழித்தும் அங்கேயே இருந்தவர்கள் 80 சதவீதத்துக்கு மேல் என்று ஓக் ரிட்ஜ் நிறுவனத்தின் மைக்கேல் ஃபின் தொடர்ந்து செய்த கணக்கெடுப்புகள் காட்டின. வென்று திரும்பியவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. திரும்பி வந்து, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல் மறுபடி விமானம் ஏறியவர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை.

துரத்தப்பட்டார்களா?

தமிழ்நாட்டுக்கென்றே தனியாக ஒரு பதில் உண்டு: இடஒதுக்கீடு திறமையாளரைத் துரத்தியது என்பது. சென்னை ஐ.ஐ.டி.யை ஆராய்ந்து 2019இல் நூல் எழுதிய மானுடவியலாளர் அஜந்தா சுப்பிரமணியன், 'திறமை' என்ற சொல்லுக்கே சாதி வரலாறு உண்டு என்கிறார். ஒரு காலவரிசையைப் பார்த்தாலே அந்தப் பழைய விளக்கம் ஆட்டம் காண்கிறது. ஐ.ஐ.டி.களில் பிற்படுத்தப்பட்டோருக்கான ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது 2008இல். அதற்கு முப்பது நாற்பது ஆண்டு முன்பே அங்கிருந்து அமெரிக்கப் பயணம் உச்சத்தில் இருந்தது. மாநில அரசு வேலையிலும் கல்லூரிகளிலும் இடம் குறைந்தது சிலரை நகர்த்தியிருக்கலாம். 1965இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் திறந்தது அதைவிடப் பெரிய காரணம் என்றே தோன்றுகிறது.

இலங்கையில் நிலை வேறு. 1970களின் தொடக்கத்தில் வந்த 'தரப்படுத்தல்' முறையில் தமிழ் மாணவர்கள் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் கூடுதல் மதிப்பெண் பெற வேண்டியிருந்தது. வசதி இருந்தவர்கள் வெளியே படிக்கப் போனார்கள். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு அவர்களிடம் 'ஏன் திரும்பவில்லை' என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. மூளை வெளியேற்றம் பற்றிய பொருளியல் மாதிரிகள் பலவும் திரும்ப ஓர் ஊர் இருக்கிறது என்று எடுத்துக்கொள்பவை.

வரவேற்ற நாடுகளின் தயக்கம்

படித்தவர்களை வரவேற்ற நாடுகளிலும் இது ஓயாத வாதம். வெளிநாட்டு முனைவர்கள் வரவால் அதே துறையில் சம்பளம் குறைகிறது என்று ஜார்ஜ் போர்ஹாஸ் வாதிட்டார். குடியேறிய பட்டதாரிகளால் காப்புரிமைகள் பெருகுகின்றன என்று ஜெனிஃபர் ஹன்ட்டும் மார்ஜொலேன் கோத்தியே-லுவாசெலும் 2010இல் காட்டினார்கள். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க இடமுண்டு. ஓ.பி.டி.யில் வேலை பார்க்கும் மாணவருக்காக நிறுவனமும் மாணவரும் சமூகப் பாதுகாப்பு வரி கட்ட வேண்டியதில்லை. இது உள்ளூர்ப் பட்டதாரியைவிட அவரை மலிவாக்குகிறது என்ற முறையீட்டில் நியாயம் உண்டு.

பிரிட்டன் 2012இல் படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவை நிறுத்தியது, 2021இல் இரண்டாண்டு விசாவாக மீண்டும் திறந்தது, 2027 முதல் அதை 18 மாதமாகக் குறைக்கிறது. ஜெர்மனி பட்டதாரிகளுக்கு வேலை தேட 18 மாதம் தருகிறது. கனடா 2024இல் மாணவர் எண்ணிக்கைக்கே வரம்பு கட்டியது. ஒரு மாணவர் சேரும்போது இருந்த விதி, அவர் முடிக்கும்போது இருப்பதில்லை.

கடன், குலுக்கல், வரிசை

மேலே சொன்ன எல்லா வாதங்களும் தங்குவதை ஒரு தேர்வாகப் பார்க்கின்றன. இன்றைய எம்.எஸ். மாணவரின் நிலையை வைத்துப் பார்த்தால் அந்தச் சொல்லே தடுமாறுகிறது.

கடனிலிருந்து தொடங்கலாம். எடுத்துக்காட்டாக, 40 லட்சம் ரூபாய்க் கல்விக் கடன், 11 சதவீத வட்டி, பத்தாண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 55,000 ரூபாய் கட்ட வேண்டும். சென்னையில் முதல் வேலைக்குப் போகும் பொறியாளர் பலருடைய சம்பளமே அவ்வளவு இல்லை. அப்பாவின் வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கும்போது, பட்டம் வாங்கிய கையோடு ஊர் திரும்புவது நாட்டுப்பற்றைச் சோதிக்கும் கேள்வி அல்ல; தவணைக் கணக்கு. குரியனை ஆனந்துக்குக் கொண்டுவந்ததும் ஓர் ஒப்பந்தமே. இன்றைய மாணவர் கையெழுத்திட்ட பத்திரம் அவரை எதிர்த் திசையில் கட்டிவைக்கிறது.

அடுத்தது காலக்கெடு. ஓ.பி.டி. 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவருக்கு 2008இல் 17 மாத நீட்டிப்பு வந்தது. 2016இல் அது 24 மாதம் ஆனது. முதல் ஆண்டில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருந்தால் அனுமதி போய்விடும். அதற்குள் எச்-1பி குலுக்கலில் பெயர் விழ வேண்டும். ஆண்டுக்கு 65,000 இடம், அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000. 2024 நிதியாண்டுக்கு வந்த தகுதியான பதிவுகளோ 7.5 லட்சத்துக்கும் மேல். பலமுறை பதிந்தவர்களைக் கழித்தாலும் அந்தக் குலுக்கல் திறமையை அளக்கும் முறையாக இருக்கவில்லை.

குலுக்கலில் பெயர் விழுந்தவருக்குக் காத்திருப்பது வரிசை. வேலை அடிப்படையில் ஆண்டுக்கு 1,40,000 கிரீன் கார்டுகள். எந்த ஒரு நாட்டில் பிறந்தவருக்கும் அதில் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது பொதுவிதி. எச்-1பி அனுமதிகளில் பத்தில் ஏழு இந்தியருக்குப் போகும்போது, இந்த 7 சதவீதம் என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தினரையும் சேர்த்து வரிசையில் நிற்கும் இந்தியர்கள் பத்து லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது. அங்கே வளர்ந்த பிள்ளைக்கு 21 வயதானால், பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து அது கழன்றுவிடும். வேலை போனால் 60 நாள். விசா முத்திரைக்காக, அவர்கள் பேச்சில் 'ஸ்டாம்பிங்'குக்காக, ஊருக்கு வரவே தயங்குகிறவர்கள் இவர்களில் பலர். தங்கிவிட்டார்கள் என்று நாம் எண்ணும் இவர்களை அந்த நாடு இன்னும் தங்கியவர்களாக ஏற்கவில்லை.

2025 செப்டம்பரில் வந்த அமெரிக்க அதிபரின் ஆணை, புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தது. உள்ளேயே இருந்து மாணவர் நிலையிலிருந்து மாறுபவர்களுக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதம் விளக்கம் வந்தது. இதன் விளைவை யோசிக்க வேண்டும். படித்ததும் ஊர் திரும்பி, இரண்டாண்டு இங்கே வேலை பார்த்து, பிறகு தேவைப்பட்டால் போகலாம் என்று நினைப்பவருக்குக் கதவு ஏறத்தாழ அடைபடுகிறது. வெளியே போனால் விலை, உள்ளேயே இருந்தால் விலையில்லை. சாக்ஸெனியன் சொன்ன சுழற்சிக்கு இதைவிடப் பெரிய தடை இருக்க முடியாது. குடியேற்றத்தைக் குறைக்கப் போட்ட விதி, திரும்புவதைத் தண்டிக்கிறது.

தீராதவை

தனிமனிதரைக் குறைசொல்லும் வாதம் இன்று நிற்கவில்லை என்று துணிந்து சொல்லலாம். பொதுச் செலவில் உச்சக்கல்வி பெற்றவர்கள் நாட்டுக்கு ஏதோ ஒரு கடமைப்பட்டவர்கள் என்ற வாதம் இன்னும் உயிரோடு இருக்கிறது; அந்தக் கடமையைப் பாண்டாக எழுதி வாங்குவதா, வரியாக வாங்குவதா, வாங்காமலே விடுவதா என்பதில் மட்டும் உடன்பாடு இல்லை. இங்கே ஆய்வுக்கூடமும் பேராசிரியர் பணியிடமும் நிரம்பாமல் கிடக்கும்போது திரும்பி வாருங்கள் என்று அழைப்பதில் பொருளும் இல்லை.

எச்-1பி கட்டணமும் சுருங்கும் விசாக்களும் மேலும் பலரைத் திருப்பி அனுப்பினால் இந்தியா பயனடையுமா என்பது இன்று பெரிதாக எழும் கேள்வி. விரும்பித் திரும்பியவர்களை வைத்துக் கட்டப்பட்ட ஆய்வுகள், கடனோடு திரும்ப நேர்ந்தவர்களைப் பற்றி எதையும் முன்கூட்டிச் சொல்லப் போதுமானவை அல்ல.

அதை அறிய முதலில் அவர்களை எண்ண வேண்டும். வெளிநாடு போகும் இந்தியர்கள் விமான நிலையத்தில் நிரப்பிவந்த புறப்பாட்டு அட்டை 2017 ஜூலை 1 முதல் கைவிடப்பட்டது. படிக்கப் போவோர் தொகை, அவர்கள் காட்டும் விசாவையும் அதிகாரியிடம் வாயால் சொல்லும் காரணத்தையும் வைத்தே பதிவாகிறது என்று அரசு நாடாளுமன்றத்தில் கூறியிருக்கிறது. படித்து முடித்துத் திரும்பியவர் எத்தனை பேர் என்று தனியாகக் காட்டும் கணக்கு அதில் இல்லை.